சூடு தெரியாத கை

டிரைவர் அண்ணனின் வலது புறங்கையில் நாவல் பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். அது எழும்பியிருப்பது அவருக்கே தெரியாது.

அப்போது நான் விழுப்புரத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன். நீராவி எஞ்சின் நிற்கிற இடத்திலெல்லாம் டிரைவர் இறங்கி, எண்ணெய் வற்றி அச்சு சூடேறியிருக்கிறதா என்று, சக்கர அச்சின் எண்ணெய்ப் பெட்டிமேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், புறங்கைக்குத்தான் சூடு சரியாகத் தெரியும். அன்று திண்டிவனத்தில் கையை வைத்துவிட்டு, "ஜில்லுனு கீதுடா, ஏறு" என்றார். எனக்கோ எண்ணெய் தீய்ந்த வாடை. தொட்டேன், விரல் சுட்டது.

"அண்ணே, இன்னொரு தபா எண்ணெ ஊத்திக்கினு மெதுவா போலாமே."

"பேஜாரு புடிச்சவன்டா நீ" என்று சிரித்தபடி ஊற்றினார். விழுப்புரம் ஷெட்டில் அவர் கை கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன்.

அவர் கை மரத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று பயம். மூத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அதைவிடப் பெரிது. இரண்டு வருஷம், வண்டி நின்றதும் அவருக்கு முன்னால் குதித்து நானே தொட்டுப் பார்த்தேன். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். தொழுநோய் என்றார்.

"எப்பத்திலிருந்து மரத்துப் போச்சு?"

"ரெண்டு மாசமா சார்" என்றார் அண்ணன்.

"ரெண்டு வருஷம்" என்று என் வாய் முந்திக்கொண்டது.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொப்புளத்தைப் பற்றியும் சொன்னேன்.

"அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே கை தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர். "சூடு பட்டதும் தோல்ல இருக்கிற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லி, தண்ணியக் கூட்டியாந்து கொப்புளம் போட்டிருக்கு. மூளைக்குச் சொல்ற நரம்புதான் செத்துப்போச்சு."

"அதுங்களுக்குப் புத்தி கீதா சார்?" என்று கேட்டார் அண்ணன்.

"புத்தியெல்லாம் இல்ல. தானா நடக்கிறது."

"புத்தியில்லாததுங்க சொல்லிக்கிச்சிங்க. புத்தியுள்ளவன் ரெண்டு வருஷமா யோசிச்சிக்கினு இருந்தான்" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

அவர் வேலை போயிற்று. நான் டிரைவரானேன்.

செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வெறும் இயக்கமா, அறிவா என்று சமீபத்தில் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அறிவு இருந்திருந்தால் அவையும் அண்ணன் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இப்போதும் விழுப்புரத்துக்குப் பக்கத்தில், காணை ஊரில் உள்ள அவர் வீட்டுக்குப் போகிறேன். அண்ணி காபியை எங்கள் நடுவே வைத்துவிட்டு உள்ளே போவார். அண்ணன் மணிக்கட்டுகளால் டம்ளரை அணைப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் என்னைக் கேட்பதில்லை. அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "சூடா கீதாம்மே?"