தோள்மேல் கை

இதை நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஒவ்வொரு முறை படத்தைச் சேமித்த நேரமும் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு ஸ்டுடியோவில் படம் திருத்துவது என் வேலை. அன்று வியாழன், மதியம் 2.10. இறந்து ஒன்பது நாளான ஒரு பெண்ணின் பெரியப்பா வந்தார். கூடத்தில் மாட்டப் படம் வேண்டுமாம். அவளுடைய மொபைலையே நீட்டினார். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. சுவரோரம் நின்று சிரிக்கிறாள். படத்தின் விளிம்பிலிருந்து நீண்ட ஒரு கை அவள் இடது தோளைப் பற்றியிருக்கிறது. பெண்ணின் கை. கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்து, குறுக்கே வெடித்திருந்தது.

"அவ கூட ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச சனியன் இருக்கற படத்தையெல்லாம் அழிச்சுட்டேன். இது ஒண்ணுலதான் தனியா நிக்கிறாளேன்னு வெச்சிருந்தேன். இப்ப பாத்தா இதுலயும் அவ கை! எடுத்துடும்மா. நாலு மணிக்கு வரேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் மொபைலிலும் ஒருத்தி இருக்கிறாள், 'பல் டாக்டர்' என்ற பெயரில். இரண்டு வருடமாக. அவள் அழைக்கும்போதெல்லாம் முதலாளி அண்ணன் கேட்பார்: "உனக்கென்ன, முப்பத்திரண்டும் சொத்தையா?" நானும் சிரித்து மழுப்புவேன். அன்றும் வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் எதையும் அழிக்க முடியாது. மூடத்தான் முடியும். பக்கத்திலிருக்கும் துணியையும் சுவரையும் துளித்துளியாக எடுத்து, வேண்டாததன்மேல் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். நூலோட்டம் பிசகக் கூடாது. கையை மறைத்தால் அதன் நிழலையும் மறைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பெற்றவளுக்கும் தெரியாது.

2.48. கை போயிற்று. சேமித்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தோளில் துணி மட்டும் அமுங்கியிருந்தது... ஐந்து விரல் பதிந்ததுபோல் பள்ளமாக. கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று அதையும் நிரவினேன். 3.05.

அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். பிரிண்டருக்கு அனுப்பினேன். கிர்ர்... கிர்ர்... படம் மேலிருந்து வரிவரியாகத்தான் வரும். நெற்றி. கண். சிரிப்பு. தோள்.

கை.

திரையைப் பார்த்தேன். திரையில் கை இல்லை. தாளில் இருந்தது.

பழைய படத்தை அனுப்பிவிட்டேனோ? சரிபார்த்து மறுபடி அனுப்பினேன். 3.17. கிர்ர்...

மறுபடியும் கை. இப்போது விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் தலை அந்தக் கைப்பக்கம் சாய்ந்திருந்தது.

3.31. சுவிட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

கிர்ர்...

மூன்றாவது தாள் வந்தது.

என் இடது தோளில்... ஒரு கனம்.

ஐந்து விரல்.

குளிரவில்லை. சூடாக இருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை நான்.

4.02. பெரியப்பா வந்தார். மூன்று தாளையும் புரட்டினார். முகம் சிவந்தது.

"நீயும் இதே கதையா? மூணு கடை ஏறி இறங்கிட்டுத்தான் இங்க வந்தேன். ஒருத்தனுக்கும் துப்பில்ல. இன்னொரு தடவ எடு."

"எடுக்க மாட்டேன்."

"முடியலன்னு சொல்லு."

"முடிஞ்சாலும் மாட்டேன். செத்த பிறகும் அவள விட மாட்டீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ... நீயும் அந்த மாதிரிதானா?"

அண்ணன் வாசலில் வந்து நின்றிருந்தார். என் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

"ஆமா. அந்த மாதிரிதான்."

தோளிலிருந்த கனம் அப்போதுதான் இறங்கியது.

தாள்களை வீசிவிட்டு அவர் போய்விட்டார். அண்ணன் அவற்றைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். "பல் டாக்டரா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒருத்தி வந்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. "அந்தப் படத்த நான் பாக்கலாமா?" என்று கை நீட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்து, குறுக்கே வெடித்திருந்தது.

தாளைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க கைதானே?"

"என் கைதான். ஆனா இந்தப் படத்த எடுத்ததே நான்தாங்க. போன வருஷம். எதிர்ல நின்னு மொபைல ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். அவ பக்கத்துல யாருமே இல்ல."

தாளிலிருந்த கட்டைவிரலைக் காட்டினேன். "அப்ப இந்த நகம்?"

"இதுவா? அவள எடுத்துட்டுப் போன அன்னிக்கு ஆச்சு. ஒரே ஒரு தடவ முகத்தப் பாத்துக்கறேன்னு கேட்டேன். அவ பெரியப்பா என் விரல் மேலயே கேட்டை அறைஞ்சு சாத்தினார்."