காய்ச்சல்: இல்லை

எண்பதுகளில் தென்காசியில் ரத்தம் சோதிக்கும் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் ரத்தத்தில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று கணக்கெடுக்கப் பண்பொழிக்கு அனுப்பினார்கள். ஒரு தெருவில் மட்டும் அளவு படுமோசம். ஆனால் ஒரு பிள்ளைக்கும் மாலைக்கண் இல்லை. தினமும் முருங்கைக்கீரை கொடுப்பதாகத் தாய்மார் சொல்லியிருந்தார்கள். கூசாமல் புளுகுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அடுப்படியையே பார்த்துவிடுவோம் என்று சாரலில் நனைந்தபடி திரும்பப் போனேன்.

முதல் வீட்டிலேயே சட்டி நிறையக் கீரை இருந்தது. வாசல் நிலையில் வாடிய வேப்பிலையும் இருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லன்னுதான சொன்னீங்க?" என்று தாயை மடக்கினேன்.

"காய்ச்சலா? அம்மால்லா வந்திருந்தா! நீங்க ரத்தம் எடுத்ததுக்கு முந்துன நாள்தான் தலைக்குத் தண்ணி விட்டோம். தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் வந்துச்சு. அதப் போயி காய்ச்சல்னு சொல்லுவாவளா?"

கணக்கெடுக்க அனுப்பிய டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "அம்மை கண்ட உடம்புல ரத்தத்துல அளவு தானா இறங்கும். அத வச்சு சாப்பாட்டுல குறைன்னு எப்படிச் சொல்ல? விசாரிக்கலையா?"

விசாரித்தேன்தான். படிவம் படிவமாக 'காய்ச்சல்: இல்லை' என்று என் கையெழுத்து. புளுகியவள் யார் என்று தேடிப் போனவள் நான். என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது ஆபீசுக்கு லீவு எழுதினேன். அதில் நானும் காய்ச்சல் என்று எழுதவில்லை.