கால் மெஷினும் சிரித்த முகமும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெரிய மனிதர் செத்து ஒரு வருடமானால் கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு சக்கர நாற்காலி வரும். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். திவசத்துக்கு ஐயர், சாப்பாடு எல்லாம் ஒழுங்கு செய்தபின் மனதில் ஏதோ குறையும், கையில் கொஞ்சம் காசும் மிஞ்சும். அதைக் கழிக்க எங்களைத் தேடி வருவார்கள். பிறந்தநாள் என்றால் மதியச் சாப்பாட்டுப் பார்சல். கலியாண நாள் என்றால் படுக்கை விரிப்பு. சக்கர நாற்காலி மரணத்துக்கு மட்டும்தான். யார் வகுத்த சட்டமோ தெரியாது, ஒருவரும் அதை மீறியதில்லை.

ஆகவே எங்கள் மாற்றுத் திறனாளிகள் சங்கத்தின் தகரக் கொட்டகையில் மடித்து அடுக்கிய நாற்காலிகள் கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெரியவரின் பெயர் சாயத்தில் எழுதியிருக்கும். டயர் தேய்ந்தால் மாற்றத்தான் வழியில்லை. மூத்திரப் பை வாங்க, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கக் காசு கேட்டால் கொடையாளிகளுக்கு உடனே வேறு அலுவல் வந்துவிடும். மூத்திரப் பையின் ஒரு நுனியை அவரும் மறு நுனியை நாங்களும் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க முடியாதல்லவா.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தேவாலயத்தின் பின்பக்கத்தில் வாகனம் நிறுத்தக் கட்டிய கொட்டகை அது. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்குத் திறந்து விடுவார்கள். தலைவருக்குக் கண் தெரியாது; வத்தளையிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் செயலாளர். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போய் ஊன்றுகோலில் நடக்கிறவள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள். கடிதம் எழுதுவதும் அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்குவதும் என் வேலை. ஒரு காலோடு படியேறுகிறவளை ஏறி இறங்கும் வேலைக்குத் தெரிவு செய்த சங்கம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் உறுப்பினர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னை அக்கா என்பாள். மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவள். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். வெள்ளவத்தைக் கடைகளில் விற்கும் சேலைகளுக்கு ஃபோல்ஸ் தைப்பாள். சேலையின் கீழ்க்கரையில் உட்பக்கமாக ஒரு பட்டித் துணியை வைத்துக் கையால் தைக்கும் வேலை அது. கடைக்காரர் அதற்குக் கொடுப்பதை வருமானம் என்று சொன்னால் வருமானத்துக்கு அவமானம்.

அவளைத் தாங்கியது அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் கொடுப்பனவு. அதுவும் பெரிய சல்லி இல்லை. ஆனால் அதை அவள் அண்ணியின் கையில் கொடுக்கும் நாளில் அந்த வீட்டில் அவள் ஒரு ஆள். விளக்கு எப்போது அணைப்பது, எந்த நாடகம் பார்ப்பது என்று அவளும் சொல்லலாம். அண்ணி பொல்லாதவள் இல்லை. ஆனால் இல்லாத வீட்டில் எல்லாருடைய நல்ல குணமும் மாதக் கடைசியில் மெலிந்துதான் போகும்.

அவளுக்கு ஒரு தையல் மெஷின் கிடைத்தால் ஃபோல்ஸோடு நிற்காமல் சட்டையும் தைக்கலாம் என்று நான்தான் வெள்ளவத்தையில் ஒரு சமூக சேவைக் கழகத்துக்கு எழுதினேன். மோட்டர் பூட்டிய மெஷின், கையால் அமுக்கி ஓட்டக்கூடியது என்று தெளிவாக எழுதினேன். சந்தேகம் வரக்கூடாதென்று கீழே கோடும் போட்டேன்.

காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் விழா. மண்டபம் மாடியில். அவளை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், அதையும் ஒருவர் படம் பிடித்தார். மேடையில், யாருடைய திவசக் காசில் மெஷின் வாங்கினார்களோ அந்த அம்மாவின் பெரிய படம், அதற்கு மாலை, மின்குமிழ் தோரணம். மங்கள விளக்கு ஏற்ற ஒரு வரிசை, பொன்னாடை போர்த்த ஒரு வரிசை. பொன்னாடை போர்த்தியவருக்கே வேறொருவர் பொன்னாடை போர்த்தினார். பேசியவர்கள் எல்லாரும் எங்களை ‘இவர்கள்’ என்றார்கள். நாங்கள் முன்வரிசையில்தான் இருந்தோம்.

பிறகு மெஷினைத் தூக்கி வந்தார்கள். கீழே இரும்புச் சட்டம், பெரிய சில்லு, காலால் மிதிக்கும் பெடல்.

கால் மெஷின் என்று பக்கத்தில் இருந்த எங்கள் தலைவரின் காதில் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். மேடையில் கழகத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டர் மெஷின்தான் கேட்டிருந்தார்களாம். ஆனால் மின்சார பில் இருக்கிற இருப்பில் ஒரு ஏழைப் பிள்ளைக்கு அது பாரமாகிவிடும் என்று நிர்வாகக் குழு கூடி ஆழமாக யோசித்து, கரண்ட் செலவில்லாத கால் மெஷினைத் தெரிவு செய்ததாம். சபை கைதட்டியது. அத்தனை படித்த தலைகள் கூடி யோசித்ததில் ஒரு தலைக்கும் அவளுடைய கால் ஞாபகம் வரவில்லை.

வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முறை முகம் சுளித்தால் சங்கம் முழுவதற்கும் வாசல் அடைபடும். அவளுக்கும் அது தெரியும். கழகத் தலைவரின் கை மெஷினின் ஒரு பக்கம், அவள் கை மறுபக்கம்.

“தங்கச்சி, கொஞ்சம் சிரிச்ச முகமா பாருங்கோ” என்றார் படம் எடுத்தவர்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. படம் அன்றைக்கே பேஸ்புக்கில் வந்தது. இடுப்புக்கு மேலே மட்டும்தான் எடுத்திருந்தார்கள். சக்கர நாற்காலி இல்லை, பெடல் இல்லை. சுயதொழிலில் ஒளி வீசும் ஒரு இளம் பெண் மட்டும் இருந்தாள்.

மெஷின் வீட்டுக்குப் போய் ரைஸ் குக்கர் வைக்கும் மேசையானது. மோட்டர் பூட்டலாம் என்று விசாரித்தாள். சொன்ன விலையைக் கேட்டுவிட்டு மறுபடி ஊசியைக் கையில் எடுத்தாள்.

கொஞ்ச நாளில் கொடுப்பனவு நின்றது. அடுத்த மாதமும் வரவில்லை.

“அக்கா, அண்ணி ஒண்டும் சொல்லேல்ல” என்றாள் போனில். “ஆனா இப்ப தேத்தண்ணி எனக்குக் கடைசியாத்தான் வருது.”

நான் கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. எங்கள் கொடுப்பனவைக் கவனிக்கும் பிரிவு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. கால் ஏலாதவர்களின் அலுவலை மாடியில் வைத்த மூளையை ஒருநாள் நேரில் பார்க்க ஆசை. ஊன்றுகோலோடு ஏறி மூச்சு வாங்க நின்றேன். உத்தியோகத்தர் சிங்களவர், தமிழும் கொஞ்சம் கதைப்பார், மரியாதையான ஆள்தான். தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

“பாருங்க மிஸ். மெஷின் கிடைச்சிருக்கு. தொழில் இருக்கு. எவ்வளவு சந்தோஷமா இருக்கிறா.”

“அது கால் மெஷின், சேர். அவவுக்குக் கால் ஏலாது.”

“படத்தில அப்படித் தெரியேல்லையே.”

வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். வெளிக்களப் பயணத்துக்கு வாகனம் இல்லையாம், எப்போது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாதாம். அதுவரை படம் பேசும், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் ஊன்றுகோலை அவர் மேசையில் போடத் தோன்றியது. போட்டால் இறங்குவது எப்படி என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் படத்தை விவரிக்கச் சொல்லிக் கவனமாகக் கேட்டார்.

“அப்ப அவர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்” என்றார். “மிச்சப் பாதியை நாங்கள் கொண்டுபோய்க் காட்டுவம், தங்கச்சி.”

தெமட்டகொடையில் ஒரு தெரிந்தவரின் சின்ன லொறி கிடைத்தது. ரைஸ் குக்கரை இறக்கி வைத்துவிட்டு மெஷினை ஏற்றினோம். கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த நாற்காலிகளுக்கும் அன்றுதான் வேலை வந்தது. வர முடிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். செத்துப்போன பெரியவர்களின் பெயர்கள் வரிசையாகக் கந்தோர் வாசலில் நின்றன. உயிரோடிருக்கும்போது இவர்களில் ஒருவராவது எங்களுக்காக எந்தக் கந்தோர் வாசலில் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

மெஷினைச் சரியாக மாடிப்படியின் அடியில் இறக்கினோம். யாரும் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. காவலாளி ஓடி வந்து இது என்ன என்று சிங்களத்தில் சத்தம் போட்டார்.

“இது இந்தப் பிள்ளையின்ர வருமானம்” என்று தலைவர் அவருக்குச் சிங்களத்திலேயே அமைதியாகச் சொன்னார். “மேல கொண்டுபோய்க் காட்ட லிஃப்ட் இல்லை. அதுதான் கீழ வச்சிருக்கிறம்.”

மேலே ஆட்கள் கூடினார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அந்த உத்தியோகத்தர் பாதிப் படிவரை இறங்கி வந்தார். தலைவர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

“சேர், அவவை ஒரு தையல் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. தைச்சிட்டா நாங்கள் வந்த வழியே போயிடுவம்.”

இதை நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவளை வேடிக்கைப் பொருளாக்குகிறோமோ என்று பயந்தேன். அவள் நாற்காலியை மெஷினிடம் உருட்டினாள். இரும்புச் சட்டம் தடுத்ததில் நேரே நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் நிறுத்தினாள். தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சாமானை எடுத்து வைப்பதைப் போலப் பெடலின்மேல் வைத்தாள். கையை எடுத்ததும் கால் சரிந்து விழுந்தது. செருப்பு கழன்று உத்தியோகத்தரின் பக்கம் போனது. மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை தூக்கப் போனபோது அவர், “போதும், நங்கி, போதும்” என்றார். எங்கள் தங்கச்சிதான் சிங்களத்தில் நங்கி.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அவர் இறங்கி வந்து செருப்பை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். கொடுப்பனவைத் திரும்பப் போடலாம் என்றார். ஆனால் அவளுடைய ஃபைலில் ஏற்கனவே ஒரு படம் இருப்பதால் அதை மறுக்க இன்னொரு படம் வேண்டுமாம். மெஷினும் நாற்காலியும் காலும் எல்லாம் தெரிகிற மாதிரி. நாலு படி பின்னுக்கு ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

போன் உயர்ந்ததுதான் தாமதம், அவள் சிரித்துவிட்டாள். எத்தனை பார்சல், எத்தனை போர்வை, எத்தனை மேடை. கமராவைக் கண்டால் அந்த முகம் தானாகவே அப்படிப் போய்ப் பழகிவிட்டது.

“ஹினா வென்ன எப்பா, நங்கி” என்றார். சிரிக்க வேண்டாமாம். சிரித்தால் மேலே இருப்பவர்கள் நம்ப மாட்டார்களாம்.

அவள் முகத்தை இறக்கினாள். அது காணாது, இன்னும் வேண்டும் என்றார். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட. படம் சரியாக வந்தது என்று அவர் திருப்திப்பட்டார்.

கொடுப்பனவு திரும்ப வந்தது. நின்ற மாதங்களுக்கு ஒன்றும் வரவில்லை. மெஷின் பழையபடி ரைஸ் குக்கருக்குக் கீழே போனது. தேத்தண்ணி பழைய நேரத்துக்கு வருகிறது என்று சிரித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் நான் அவள் வீட்டில் இருந்தபோது வெள்ளவத்தையிலிருந்து கழகத் தலைவர் போன் எடுத்தார். கை ஊசியோடு இருந்ததால் அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள். அந்த அம்மாவின் அடுத்த திவசம் வருகிறதாம். போன வருடம் உதவி பெற்றவர்களை மேடையேற்றி அவர்கள் வாழ்வில் வந்த மாற்றத்தைப் பேச வைக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் கனடாவிலிருந்து நேரில் வருகிறார்களாம்.

“அந்தப் படத்தில மாதிரி சிரிச்ச முகமா வாங்கோ, தங்கச்சி” என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சிரிச்சா கந்தோரில என்ர காசை நிப்பாட்டுவினம், அண்ணை. சிரிக்காட்டி உங்கட படம் பழுதாப் போகும். உங்கட ஆக்களும் கந்தோர் ஆக்களும் ஒருக்காக் கூடிக் கதைச்சு, என்ர முகம் எப்பிடி இருக்கோணும் எண்டு ஒரு முடிவு எடுங்கோ. அதுக்குப் பிறகு வாறன்.”

அவள் போனை நிறுத்திவிட்டு அடுத்த சேலையை மடியில் விரித்தாள். வருகிற வருடம் எங்களுக்குச் சக்கர நாற்காலி வராது.