பொட்டுக்கடலையில் கிடந்த தாத்தா

எங்கள் தாத்தா உயிரோடு இருந்தவரை கறிக்குழம்பை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. செத்த பிறகு மட்டும் அதை நிறுத்துவானேன் என்பது அத்தையின் கட்சி. ஒவ்வொரு பொங்கல் கரிநாளுக்கும் கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டி வந்து இறங்குவாள். எங்கள் வீட்டு அடுப்பைக் கைப்பற்றி, அம்மாவை வெங்காயம் உரிக்க மட்டும் அனுமதித்து, கறி பூப்பூவாக வேகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மதியம் தூக்குவாளி என் கையிலும் வாழை இலை அப்பா கையிலுமாக ஓடைக்கரை இடுகாட்டுக்குப் போவோம். அங்கே புங்கமரத்தடியில் தாத்தா குழி. இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பு ஊற்றி, பக்கத்தில் ஒரு சுருட்டையும் வைத்தால்தான் அத்தைக்குப் பொங்கல் முடியும்.

அடுத்த குழி பங்காளி வீட்டுத் தாத்தாவுடையது. எங்கள் தாத்தாவுக்குச் சித்தப்பா மகன், ஜென்ம விரோதி. மர நிழல் எட்டாத அந்தக் குழியில் அவர் மருமகன் காலையிலேயே வந்து ஒரு கை பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைத்துவிட்டுப் போயிருப்பார். அத்தை அதை எட்டிப் பார்க்காமல் திரும்பியதில்லை.

“உசுரோட இருக்கையில கஞ்சி, செத்தா கடலை. நல்லா வேணும்” என்பாள்.

இரண்டு கிழவர்களுக்கும் சண்டை ஒரு கல்லால் வந்தது. வாய்க்கால் முதலில் எங்கள் வயலைத் தொட்டுவிட்டுத்தான் கீழே அவர்கள் வயலுக்குப் போகும். எங்கள் மடையை ஒரு பலகைக் கல்லால் அடைத்தால்தான் அவர்களுக்குத் தண்ணீர். ஒரு நாள் அந்த மடைக்கல்லைக் காணோம். நீதான் எடுத்தாய் என்றார் பங்காளித் தாத்தா. எங்கள் தாத்தா மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஊர் சத்தியத்தை நம்பி, பழி சொன்ன பங்காளித் தாத்தாவுக்குப் புளுகர் என்று பெயர் வைத்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. சாவுக்குக்கூட ஒரு வீட்டார் இன்னொரு வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வகையறா ஒன்று என்பதால் இடுகாட்டில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பிறகு ஒரு மழைக்கு ஓடை பெருகி, மேடுகளைச் சமமாக்கி, தலைமாட்டுக் கற்களையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் வடிந்ததும் அப்பாதான் முந்திக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் புதுக்கல் நட்டார்.

எழுபதுகளின் கடைசியில், நான் டீச்சர் வேலைக்குப் போகத் தொடங்கிய சமயம், பங்காளித் தாத்தாவின் மகன் ஏலமலையிலிருந்து ஊருக்கு வந்தார். அப்பாவைப் புதைத்த கையோடு மலையேறியவர், அதன் பிறகு இப்போதுதான் இறங்கியிருந்தார். கரிநாள் மதியம், தன் அப்பா குழியில் புதுக்கல் நடுவதற்குத் தோளில் கடப்பாரையும் கையில் மண்வெட்டியுமாக வந்தவர், நேராக எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார். பேச்சுவார்த்தை இல்லையே, அதனால் மரத்திடம் பேசினார்.

“எங்கய்யா தலமாட்டுல யாரோ சோத்தப் போட்டு வச்சிருக்காகளே!”

“யாரு குழிய யாரு சொந்தம் கொண்டாடுறது?” என்று அத்தையும் மரத்தையே கேட்டாள்.

“குழி தோண்டுறப்ப இந்த வேரு குறுக்க வந்துச்சு. நாந்தேன் வெட்டுனேன். இந்தா இங்கன இருக்கு, வெட்டுன தழும்பு.”

தழும்பு இருந்தது. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஓடையைப் பார்த்தார்.

“நெழலா இருக்கேன்னு...” என்று முனகினார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல என் அப்பா தன் அப்பாவுக்கு இடம் பிடித்திருக்கிறார்.

அத்தையின் பார்வை மெல்ல அடுத்த குழிக்குப் போனது. அங்கே காலையில் வைத்த கடலையை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது.

“அப்ப இத்தன வருசமா எங்கய்யா பொட்டுக்கடலையிலயாடா கெடந்தாக? அவுகளுக்குப் பல்லே கெடையாதேடா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை அழுதுகொண்டே என் கையைக் கிள்ளினாள், நன்றாக வலித்தது.

“வேரு என்ன சாட்சியா? எல்லாரும் வெட்டுறதுதேன். வாக்கா, வீட்டுக்குப் போவோம்” என்றார் அப்பா. அத்தை அசையவில்லை. அடுத்த கரண்டி அவளுடைய அய்யாவுக்குத்தான் போகிறது என்று நிச்சயமாகத் தெரியாமல் அவளால் எப்படி ஊற்ற முடியும்? கண்ணைத் துடைத்துவிட்டு, பங்காளி மகன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“அந்தக் கடப்பாரையக் குடுங்க.”

“அக்கா, வேணாங்க்கா” என்று அப்பா பதறினார். ஏன் பதறினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நிழல் இல்லாத குழியில் அத்தை கடப்பாரையை இறக்கினாள். முதல் குத்து மண்ணில் போனது. சற்றுத் தள்ளிக் குத்தியதும் ணங் என்றது. மண்வெட்டியால் சுரண்டியபோது ஒரு பலகைக் கல்லின் மூலை தெரிந்தது, கயிறு கோக்கும் துளையோடு. பங்காளி மகன் குனிந்து பார்த்தார்.

“இது மடைக்கல்லுல்ல?”

“ஏதோ ஒரு கல்லு” என்றார் அப்பா.

ஏதோ ஒரு கல் என்றால் ஏதோ ஒரு குழி என்றாகிவிடும். அத்தை அதை விடுவாளா?

“மடைக்கல்லுதேன். எங்கய்யாதேன் எடுத்தாக. வைக்கப்படப்புல ஒளிச்சு வைக்கயில நாந்தேன் காவலுக்கு நின்னேன். செத்தா எம்மேலயே வச்சு மூடிருங்கன்னு சொன்னாக, மூடிட்டோம். இது எங்கய்யா குழி.”

வெள்ளம் வடிந்த அன்றே அப்பா குத்திப் பார்த்திருக்கலாம். குத்தியிருந்தால் ஊருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று எங்கள் தாத்தாவை ஊர் சொல்லியிருக்கும், அதில் தப்பும் இல்லை. நான் ஆசையாகச் சுருட்டு வாங்கி வைத்த தாத்தா ஒரு கல் திருடர் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பங்காளி மகன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் புளுகலடா, நான் புளுகலடான்னு சொல்லிக்கிட்டேதேன் எங்கய்யா உசுரு போச்சு. நானே நம்பல, தங்கச்சி” என்றார்.

அத்தை கடலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புது இலை போட்டு, அவளுடைய அய்யாவுக்கு அள்ளி அள்ளி வைத்தாள். கறித்துண்டுகளை விரலால் நசுக்கி நசுக்கி வைத்தாள். அத்தனை வருசப் பாக்கியையும் அன்றே தீர்க்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பாதி வாளி மிச்சம் இருக்கும்போதே எழுந்து, புங்கமரத்தடிக்குத் திரும்பி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய இலைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“சித்தப்பா, நீங்க புளுகல. கல்லு எங்கய்யாகிட்டதேன் இருக்கு” என்று குழியைப் பார்த்துச் சொன்னாள்.

சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு, போதுமென்று அவர் சொல்லாததால், இன்னொரு கரண்டி ஊற்றினாள்.