சம்சாரம் உள்ளவர்களுக்கு மட்டும்

தனி ஆணுக்கு வீடு விடுவதில்லை என்பது மாசாணியம்மாளின் கண்டிப்பு. சரவணம்பட்டியில் ஒரே வரிசையில் அவருக்கு நான்கு வீடுகள் இருந்தன. கடைசி வீட்டைப் பார்க்க வந்த சுந்தரராஜுலுவிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

ரங்கநாயகி இறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. பிள்ளைகளும் இல்லை. உண்மையைச் சொன்ன இடங்களிலெல்லாம் கதவு சாத்தப்பட்டிருந்தது. ஆகவே, மனைவி உடம்பு முடியாதவள், வெளியே வரமாட்டாள் என்றும் சேர்த்துச் சொன்னார். குடிவந்த நாள்முதல் தினமும் அவளுடைய சேலை ஒன்றை நனைத்துக் கொல்லைக் கொடியில் உலர்த்தினார்.

சம்சாரம் என்ற சொல்லை அவர் பலர் வாயிலும் கேட்டவர். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில், பாலக்காட்டிலிருந்து புதிதாக வந்த பாலகோபால், "மேஸ்திரிக்குச் சம்சாரம் இஷ்டமல்லா" என்று ஒருநாள் எச்சரித்தான். வேலை நேரத்தில் பேசினால் மேஸ்திரிக்குப் பிடிக்காது என்பது அவன் கருத்து. மலையாளத்தில் அச்சொல்லுக்குப் பேச்சு என்று பொருள். "அது அவரு ஊட்டுலயே தெரியுமுங்க" என்று தமிழர்கள் சிரித்தார்கள். இயந்திரம் பொருத்த வந்த வடநாட்டாருக்கோ 'சன்சார்' என்றால் உலகம். வடமொழியில் அதன் வேருக்கு, ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டிருத்தல் என்பது பொருள்.

சுந்தரராஜுலுவின் வீட்டு மொழியான தெலுங்கில் அது குடித்தனம். மாதக் கடைசியில் ரங்கநாயகி, "சம்சாரம் ஈதாலி கதா" என்பாள். குடித்தனத்தை நீந்தித்தானே கடக்க வேண்டும் என்று. இப்போது அவருக்கு மனைவி இல்லை, குடித்தனம் இல்லை. தெலுங்கில் ஒரு வார்த்தை பேசவும் ஆள் இல்லை.

ஆடி பிறந்த வாரத்தில் மாசாணியம்மாள் கொல்லைப்புறம் வந்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. சேலை தெனமும் காயுது. ஜாக்கெட்டும் பாவாடையும் ஒருநாளுகூடக் காயலீங்களே."

மணமான நாள்முதல் கொடியில் என்னென்ன காய்கிறது என்று சுந்தரராஜுலு நிமிர்ந்து பார்த்ததே இல்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிட்டார்.

மாசாணியம்மாள் கோபப்படவில்லை. மற்ற மூன்று வீடுகளிலும் பெண்கள் இருப்பதையும், ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பேச்சு வரும் என்பதையும் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"ஆடியில யாரையும் ஊட்ட உட்டுக் கெளப்ப மாட்டனுங்க. ஆவணி பொறந்ததும் வேற எடம் பாத்துக்குங்க."

சுந்தரராஜுலு தலையசைத்தார். இரண்டடி நடந்த அந்த அம்மாள் திரும்பினார்.

"அவீங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. காய்ச்சலில் தொடங்கியதைத் தமிழில்தான் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லும்போது, தாம் அறியாமலேயே தெலுங்குக்கு மாறிவிட்டார். மாசாணியம்மாளுக்கு அம்மொழி தெரியாது. உலை கொதிக்கிறது என்று மருமகள் இரண்டு முறை அழைத்தும், சுந்தரராஜுலு சொல்லி முடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.