வாழைப்பழ ஸ்டிக்கர் ஒட்டிய குத்துவாள்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்துப் பழைய சாமான் சந்தையில்தான் அவரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அண்ணன்; பெயர் கேட்கத் தோன்றவில்லை. நரைத்த முறுக்கு மீசை, இரண்டு கைகளிலும் வெள்ளைக் கையுறை. வியர்வை பட்டால் வாளின் அலகு துருப்பிடிக்குமாம்.

அவருடைய கடை மேசை நிறைய ஜெர்மன் ராணுவ வாள்கள். நான் மாதக்கணக்காகத் தேடிய அதிகாரிக் குத்துவாளும் அங்கே இருந்தது. அதன் பிடியில் ஒரு கழுகு. கழுகின் காலடியில் இருக்கும் ஹிட்லர் காலத்து ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்ட இங்கே சட்டம் விடாது. அதன்மேல் அவர், கடையில் வாழைப்பழத்தில் ஒட்டி வருமே, அந்தச் சின்ன ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்!

"மத்தவங்க கறுப்பு டேப்தானே ஒட்டறாங்க, அண்ணே?"

"கறுப்பு ஒட்டினால் துக்கம் காக்கிற மாதிரியெல்லோ கிடக்கும், தம்பி. உந்த ஹிட்லர் கூட்டத்துக்கு இது போதும்."

நான் பர்ஸை எடுப்பதற்குள் தோல் ஜாக்கெட் போட்ட ஜெர்மன்காரர் ஒருவர் குறுக்கே புகுந்து, குத்துவாளை எடுத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். போச்சுடா என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தபடியே அதைப் பிடுங்கிக்கொண்டு, விற்பனைக்கு இல்லை என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டார்.

அந்த ஆள் போனதும் என்னிடம் நீட்டினார். "உங்களுக்குத் தாறன். ஆனால் ஸ்டிக்கரிலை கை வைக்க ஏலாது. உரிக்க ஆசை வந்தால் வாழைப்பழத்தை உரியுங்கோ."

இப்போது அது என் அலமாரியில். அறைக்கு வரும் நண்பர்களின் நகம் முதலில் ஸ்டிக்கருக்குத்தான் போகிறது. "கையை எடுடா!" என்று கூவிக் கூவி என் தொண்டை போய்விட்டது. அவர் கிண்டல் செய்தது ஹிட்லரையா என்னையா, இன்னும் விளங்கவில்லை. போன வாரம் ஸ்டிக்கர் பிய்ந்துவிட்டது. எனக்கு வாழைப்பழம் ஆகவே ஆகாது. ஆனாலும் கடைக்கு ஓடி ஒரு சீப்பு வாங்கி வந்தேன்.