ஆபாவின் ஓர் எழுத்து

நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்ததும் ஆபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேலூரில் ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியன். நோயாளிகள் அங்கே வருவது வழக்கமில்லை. அவர் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோலைத் தரம் பிரிக்கும் சூப்பர்வைசர். அங்கே எல்லோருக்கும் ஆபா, அதாவது அக்கா. சினைப்பையில் அபூர்வ வகைப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தும் திரும்ப வந்துவிட்டது. எடுத்து வைத்திருந்த பழைய திசுவில் மரபணுச் சோதனை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும், "அது இன்னா மாதிரி இருக்குன்னு நான் ஒரு தடவ பாக்கணும்மா" என்று கூடத்து வாசலுக்கே வந்து என்னிடம் கேட்டார். டாக்டரும் சரி என்றார்.

அழுவாரோ என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். அவரோ கேள்வியாகக் கேட்டார். இந்த ஊதா சாயமா, சொந்த நிறமா? இதில் நல்லது எது, கெட்டது எது? "எல்லாருக்கும் கேக்கற கீமோ எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" தினமும் நூறு கண்ணாடித் தகடுகளில் திசுவுக்குச் சாயமேற்றும் நான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

பழைய திசுவில் சோதனை சரியாக வரவில்லை. மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டும். பட்டது போதும் என்றார் அவருடைய கணவர். ஆபா விடவில்லை. "பேஜாராத்தான் இருக்கு. ஆனா தெரிஞ்சிக்காம இருக்க முடியாது."

புதிதாக எடுத்த திசுவில் விடை கிடைத்தது: ஒரு மரபணுவின் நீண்ட எழுத்து வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால்தான் செல்கள் நிற்காமல் பெருகின. அந்த மாற்றத்தையே குறிவைத்துத் தடுக்கும் மாத்திரைகள் இருந்தன. அவை முதலில் தோல் புற்றுநோய்க்காக வந்தவை என்று டாக்டர் சொன்னதும் ஆபா சிரித்துவிட்டார். "தோலு என்னை விடாது போல டாக்டர்!"

முதல் மாதம் காய்ச்சல் வாட்டியது. கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். நான்காம் மாத ஸ்கேனில் கட்டிகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. மறையவில்லை. எத்தனை காலம் மருந்து கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆபா வேலைக்குத் திரும்பினார்.

போன மாதம் செக்கப்புக்கு வந்தவரிடம், மிச்சமிருக்கும் திசுவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று படிவத்தை நீட்டினேன்.

"அந்த எழுத்து ஏன் மாறிச்சு? எங்க ஊர் தண்ணியா, கம்பெனி கெமிக்கலா?"

"டாக்டரையே கேட்டுட்டேன் ஆபா. யாருக்கும் தெரியலையாம்."

கையெழுத்துப் போட்டார். பிறகு படிவத்தின் ஓரத்தில், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி எழுதினார்: "காரணம் தெரிஞ்சா எனக்கும் சொல்லணும்." அதன் கீழே போன் நம்பர்.